மனையும் நிலமும் வாங்கி விற்பவர்களுக்கு: வாடிக்கையாளர், அட்வான்ஸ், பத்திரம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் நிலத்தில் முதலீடு செய்பவர்களில் பலர் தங்களுக்காக மட்டும் வாங்குவதில்லை. உறவினருக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள், நண்பரோடு பங்கு போடுகிறார்கள், அக்ரிமென்ட் போட்ட நிலத்தை வேறொருவருக்குக் கைமாற்றுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகளே இவை. நிலத் தகராறுகளில் பெரும்பாலானவை பேராசையால் வருவதாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அதைவிடப் பெரிய காரணம், யார் யாருக்காக நிற்கிறார், எந்தப் பணம் யாருடையது என்பது எழுத்தில் இல்லாமல் போவது.

சொந்தப் பணத்திலும் வாங்குகிறேன், பிறருக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். இரண்டையும் ஒருவரே செய்யலாமா?

செய்யலாம். ஆனால் ஒரு நிலத்தில் ஒரு நிலைதான் எடுக்க வேண்டும். நீங்கள் வாங்குபவரா, கமிஷனுக்கு வேலை செய்யும் தரகரா, பங்குதாரரா என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னதை அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியாகவோ கடிதமாகவோ அனுப்பியும் வையுங்கள்.

இது நாகரிகம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216 பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். ஒருவருக்கு முகவராக இருந்துகொண்டு, அவருக்குத் தெரியாமல் அதே விவகாரத்தில் உங்கள் கணக்கில் வியாபாரம் செய்தால், அவர் அந்தப் பேரத்தை மறுக்கலாம். அதில் உங்களுக்குக் கிடைத்த ஆதாயத்தையும் கேட்டு வாங்கலாம். வயதான ஒருவர் உங்களை நம்பி நிலத்தை விற்றுத்தரச் சொல்கிறார். நீங்கள் மைத்துனர் பெயரில் குறைந்த விலைக்கு அதை வாங்கி, மூன்று மாதத்தில் கூடுதல் விலைக்கு விற்கிறீர்கள். ஊரில் இது சாமர்த்தியம் எனப்படலாம். நீதிமன்றத்தில் நிற்காது.

இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது நம் ஊர்களில் வழக்கம்தான். இரண்டு பக்கத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ரெராவில் நான் பதிவு செய்ய வேண்டுமா?

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவிலோ அடுக்குமாடித் திட்டத்திலோ விற்பனைக்கு நீங்கள் இடைநின்றால், தரகராகப் பதிவு செய்வது கட்டாயம். பதிவின்றிச் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். விற்ற சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அது ஏறலாம்.

பலர் கவனிக்காதது வேறொன்று. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை, அதாவது பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேலான நிலத்தை, மனைகளாகப் பிரித்து விற்கப் புறப்பட்டால் நீங்கள் தரகர் அல்ல. சட்டத்தின் கண்ணில் திட்ட உரிமையாளர். பதிவு எண் வாங்காமல் விளம்பரம் செய்யவோ, முன்பதிவுப் பணம் வாங்கவோ கூடாது. பதிவு எண் கிடைத்த பிறகும், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பார்க்கும் வரிசை முக்கியம். பலரும் நேராக வில்லங்கச் சான்றில் தொடங்குகிறார்கள். நான் வருவாய்த்துறை ஆவணங்களில் தொடங்கச் சொல்வேன். பட்டா யார் பெயரில் இருக்கிறது, கூட்டுப் பட்டாவா, தனிப்பட்டாவா, சர்வே எண்ணின் உட்பிரிவு எது, அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) நிலத்தின் வகைப்பாடு என்ன, புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடம்) அளவுகள் பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை அரசின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அரை மணி நேர வேலை. பாதி நிலங்கள் இந்தக் கட்டத்திலேயே தங்கள் குறையைக் காட்டிவிடும்.

அடுத்து விற்பவரிடம் மூலப்பத்திரங்களின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். நகலைக் கொடுத்துவிட்டு, "அசல் பீரோவில் இருக்கிறது, பதிவன்று தருகிறேன்" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தி வையுங்கள். அசல் எங்கே என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்தான்: ஒன்று வங்கி, இல்லையென்றால் இன்னொரு வாங்குபவர்.

பிறகு நிலத்துக்கே போங்கள். சர்வேயரோடு போய் அளந்து பாருங்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள நான்கு எல்லைகளும் இன்றைக்குத் தரையில் இருக்கின்றனவா? வழி உண்டா? அந்த வழி பொதுப்பாதையா, பக்கத்துக்காரரின் பட்டா நிலமா? வழித்தட உரிமை எழுதப்படாத நிலத்தை விலை மலிவு என்று வாங்கியவர்கள், வழிக்காகவே இன்னொரு நிலத்தை வாங்க நேர்ந்திருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை கேட்டால், எந்த இணையதளத்திலும் இல்லாத குடும்பக் கதை வெளிவரும்.

அளவுகளில் குழம்பாதீர்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஒரு ஏக்கர் 100 சென்ட். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஓர் ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். பத்திரம் சென்ட்டில் பேச, பட்டா ஏரில் பேச, இடையில் நான்கு சென்ட் காணாமல் போவது சர்வ சாதாரணம். இரண்டில் எது குறைவோ அதற்கு மட்டும் விலை பேசுங்கள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றுமே இல்லை. அது போதாதா?

போதாது. அந்தச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதை மட்டுமே சொல்லும். பதிவாகாத உயில் அதில் வராது. குடும்பத்தில் யார் இறந்தார், யார் வாரிசு என்பது வராது. நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு, உத்தரவாகிப் பதிவுக்கு வராத வரையில், வருமென்று நம்ப முடியாது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால், அந்த ஒப்படைப்புக் குறிப்பாணை பதிவாகியிருந்தால் மட்டுமே தெரியும். அதனால் அடமானங்களுக்கான மத்தியப் பதிவகமான செர்சாயிலும் தேடிப் பாருங்கள்.

இணையத்தில் 1975-க்குப் பிந்தைய பதிவுகள்தான் எளிதாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் கையால் தேடிக் கொடுக்கச் சொல்லி மனு போட வேண்டும். பூர்வீக நிலமாக இருந்தால் அந்தச் சிரமத்தைப் படுங்கள்.

பூர்வீகச் சொத்தில் யார் யார் கையெழுத்து வேண்டும்?

நான் மிக அதிகம் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான். பேரம் பேச வருபவர் மூத்த மகனாக இருப்பார். "எல்லாருக்கும் சம்மதம்தான்" என்பார். அந்த "எல்லாரிலும்" பெரும்பாலும் சகோதரிகள் இருப்பதில்லை.

இந்துக் குடும்பங்களுக்கான சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அந்த நாளுக்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை கிடைத்தது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டே அல்ல என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளை இது கலைக்காது. ஆகவே "அக்காவுக்குக் கல்யாணத்தில் நகை போட்டுவிட்டோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். நகை போட்டதற்காகப் பங்கு போய்விடாது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது உங்கள் கிரயப் பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்திட வேண்டும்.

தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்திருந்தால், மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. மகனுக்குப் பிறகும் உயிரோடு இருந்த பாட்டியை வாரிசுப் பட்டியலில் விட்டுவிட்டுப் பத்திரம் எழுதுவது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பாட்டியின் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது விற்பவரின் அத்தை, சித்தப்பா வரை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றோடு நிறுத்தாமல், குடும்ப வம்சாவளியை ஒரு தாளில் வரைந்து, விற்பவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள்.

மைனர் பெயரில் உள்ள தனிச்சொத்தை இயற்கைக் காப்பாளர் (தந்தை அல்லது தாய்) விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை 18 வயது நிறைந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். இஸ்லாமிய, கிறித்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. அதற்கென்று வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வீட்டிலிருக்கும் பெண்களிடம் நேரில் பேசுங்கள். கையெழுத்து எதற்கு, எவ்வளவு பணம், யார் கணக்குக்கு வருகிறது என்று அவர்களுக்கே சொல்லுங்கள். அவரவர் பங்கை அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பின்னாளில் வரக்கூடிய வழக்குக்கு இதைவிட நல்ல தடுப்பு எனக்குத் தெரியாது. அது நியாயமும்கூட.

எந்த நிலத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது?

கோயில் நிலம், வக்பு நிலம், நீர்நிலைப் புறம்போக்கு, ஏழைகளுக்கெனத் தானமாகத் தரப்பட்ட பூமிதான நிலம், பஞ்சமி நிலம். பஞ்சமி நிலங்கள், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் பட்டியல் சாதி மக்களுக்கு வழங்கப்பட்டவை. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தவை. இன்று பட்டா வேறொருவர் பெயரில் இருந்தாலும் பழைய அ-பதிவேட்டில் அந்தக் குறிப்பு இருக்கும். அது ஏழைகளுக்கென்று கொடுத்த நிலம். சட்டச் சிக்கலை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் அதில் லாபம் தேடக் கூடாது.

"பஞ்சாயத்து அப்ரூவல் மனை" வாங்கி விற்கலாமா?

மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் இருக்கும் வரைபடம் ஒப்புதல் ஆகாது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி ஒப்புதலற்ற மனையைப் பதிவு செய்ய மறுப்பார்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகவே பதிவாகியிருந்தால் மறுவிற்பனைக்கு வழியுண்டு. ஆனாலும் வரைமுறைப்படுத்தாத மனைக்குக் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைப்பது கடினம். வாங்க வருபவரிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அக்ரிமென்டில் எவை கட்டாயம் இருக்க வேண்டும்?

முதலில், அதைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். முத்திரைத்தாளில் இரண்டு சாட்சி வைத்து எழுதி மடித்து வைத்துக்கொள்வது இன்னமும் நடக்கிறது. அப்படி வைத்திருக்கும்போது விற்பவர் இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கினால், அந்த இன்னொருவரின் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் இருக்காது.

உள்ளே இருக்க வேண்டியவை: மொத்த விலையா, அளந்தபின் சென்ட் கணக்கா, மீதித் தொகைக்குக் கெடு, உட்பிரிவு, பட்டா மாற்றம், அடமான மீட்பு ஆகியவற்றை யார், எந்தத் தேதிக்குள் முடிப்பது, அவர் முடிக்காவிட்டால் கெடு எத்தனை நாள் தள்ளும், பத்திரச் செலவு யாருடையது, ஆவணத்தில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும். இந்தக் கடைசி வரி இல்லாத அக்ரிமென்டில் கையெழுத்திடாதீர்கள்.

கெடு நெருங்கும்போது பணம் தயாராக இருப்பதை எழுத்தில் தெரிவியுங்கள். விற்பவர் இழுத்தடித்தால் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில், கடைசிவரை நீங்கள் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். குறித்த கெடு நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விலை ஏறட்டும் என்று சும்மா இருப்பவருக்கு நீதிமன்றம் உதவாது.

அக்ரிமென்ட் போட்ட நிலத்தை என் பெயருக்கு வாங்காமலே வேறொருவருக்கு விற்கலாமா?

ஒப்பந்தத்தில் "தங்களுக்கோ தாங்கள் சுட்டும் நபருக்கோ கிரயம் செய்து தருகிறேன்" என்று எழுதியிருந்தால் செய்யலாம். ஆனால் அக்ரிமென்ட் உங்களுக்கு நிலத்தில் உரிமையைத் தருவதில்லை. வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைத்தான் தருகிறது. "என் நிலம்" என்று சொல்லி விற்காதீர்கள்.

நேர்மையான முறை, மூன்று தரப்பும் ஒரே பத்திரத்தில் இருப்பது. நிலக்காரர் விற்பவர், புதியவர் வாங்குபவர், நீங்கள் சம்மதம் தரும் தரப்பு. நிலக்காரருக்கு அவருடைய விலை, உங்களுக்கு உங்கள் வித்தியாசம், இரண்டும் வங்கி வழியாகப் பத்திரத்திலேயே பதிவாக வேண்டும். "விலை தெரிந்தால் நிலக்காரர் கோபப்படுவாரே" என்று கேட்பார்கள். கோபப்படும் அளவுக்கு வித்தியாசம் இருந்தால், அதில் கொஞ்சத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அடுத்த நிலமும் அந்த ஊரிலிருந்தே வரும்.

பவர் பத்திரத்தின் பேரில் வாங்கலாமா?

தனக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதித் தருவதுதான் பவர். பவர் கொடுப்பது விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. பவர் வைத்திருப்பவர், அதைக் கொடுத்தவருக்காகக் கிரயம் எழுதித் தரலாம். ஆனால் சாதாரண பவர், கொடுத்தவர் இறந்தால் செத்துவிடும். அதனால் உயிர்வாழ் சான்றைப் பெறுவதோடு நில்லாமல், கொடுத்தவரை நேரிலோ காணொளியிலோ பார்த்துப் பேசுங்கள். பவர் ரத்தாகவில்லை என்று பதிவு நாளன்று காலையிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வாடிக்கையாளர் பாதிப் பணத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். என்ன சொல்வது?

வேண்டாம் என்று சொல்லுங்கள். நிலப் பரிமாற்றத்துக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரக்கூடும். விலையைக் குறைத்துக் காட்டி வாங்குபவர், நாளை விற்கும்போது காட்டாத பணத்துக்கும் சேர்த்து லாபவரி கட்டுவார். தகராறு வந்தால் பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் திருப்பிக் கேட்க முடியும்.

விலையோ, அரசு குறித்த வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் ரூபாயை எட்டினால், வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்து, அந்த மாத முடிவிலிருந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். ஊரக விவசாய நிலத்துக்கு இது பொருந்தாது.

லாபக் கணக்கை எப்படிப் போடுவது?

செலவை முழுதாக எழுதுங்கள். 30 லட்ச ரூபாய் மனைக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் சேர்த்து 2.7 லட்சம். கமிஷன் 2 சதவீதம் என்றால் 60,000. கடன் வாங்கிப் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, ஒன்றரை ஆண்டு என்றால் ஏறத்தாழ 5 லட்சம். ஆக 38.3 லட்சத்துக்கு விற்றால்தான் கை கடிக்காது. அதுவும் விற்கும் கமிஷன், வேலி, வரி எல்லாம் சேர்க்காமல்.

ஏக்கராக வாங்கி மனையாக்குபவர்கள் 43,560 சதுர அடியையும் விலையால் பெருக்கிப் பார்த்து மகிழ்கிறார்கள். சாலையும் பொது ஒதுக்கீடும் போனபின் 60 சதவீதத்தையொட்டித்தான் மனையாக மிஞ்சும். அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியிருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதத்தையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். அடிக்கடி வாங்கி விற்பவரின் லாபத்தை வியாபார வருமானமாகவே துறை கருதக்கூடும். கணக்காளரை முதலிலேயே கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கு என்ன வேறுபாடு?

துபாயிலோ சிங்கப்பூரிலோ வசிக்கும் இந்தியர் வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. "பண்ணை மனை" என்று அவர்களுக்கு விற்கப்படுவதில் பாதிக்கு மேல் வருவாய்க் கணக்கில் விவசாய நிலம்தான். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் அந்த 1 சதவீதமும் 50 லட்ச வரம்பும் பொருந்தாது. பிடித்தம் மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை அவர் வருமான வரித்துறையிடம் வாங்கி வரும்வரை பதிவு நாளைக் குறிக்காதீர்கள்.

வாங்க வருபவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

காட்டக்கூடியதைச் சொல்லுங்கள். "இரண்டு ஆண்டில் இரட்டிப்பாகும்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "விமான நிலையம் வருகிறது" என்றால், 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் போன்ற இடங்களில், உங்கள் சர்வே எண் கையகப்படுத்தும் எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரெரா பதிவுள்ள திட்டத்தில் பொய் விளம்பரத்தை நம்பி வாங்கியவர், பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம்.

மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் நிலமா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஆயுள் சேமிப்பைக் கொண்டுவருபவருக்கு நாம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

பதிவு முடிந்துவிட்டது. இன்னும் என்ன இருக்கிறது?

பட்டா மாற்றம். உட்பிரிவு தேவையில்லாத முழு சர்வே எண்ணாக இருந்தால் பதிவோடு சேர்ந்து தானாக நகரும். உட்பிரிவு வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளக்கும்வரை விடாமல் கேளுங்கள். பிறகு சொத்து வரி, மின் இணைப்பு, கிணறு அல்லது ஆழ்துளைக் கிணறு இருந்தால் அதன் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றுங்கள். வாடிக்கையாளருக்காக வாங்கியிருந்தால், அசல் பத்திரங்களையும் மூல ஆவணங்களையும் ஒரு பட்டியல் போட்டு ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கமிஷனுக்கு ரசீது கொடுங்கள். ஜிஎஸ்டி பதிவு உங்களுக்குப் பொருந்தினால் 18 சதவீத வரியையும் அதிலேயே காட்டுங்கள். எல்லைக்கல் நட்டு, நான்கு மூலைகளிலும் படம் எடுத்து, தேதியோடு அவருக்கு அனுப்பி வையுங்கள்.